இது யாரோட ஆளு?

பிள்ளை மடுவப் பொறுப்பாளர்களின் ஆண்டு மலரில், வேலையிலிருந்து நின்றவர்கள் எழுதுவதற்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். இம்முறை என்னையும் கேட்டார்கள். எனக்கு இன்னும் முப்பத்திரண்டு வயது முடியவில்லை. பொன்னாடையும் மாலையுமாக ஓய்வுபெற்றவர்களுக்கு நடுவே நானும் போய் உட்கார்ந்து எழுதுவது சரிதானா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நிரோஷா.

குருவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிறகு மடுவத்தைப் பொறுப்பேற்றவள் அவள். போன மாதம் கூப்பிட்டாள்.

“அக்கா, வாசல்ல கெடந்த பாயை எடுத்துட்டோம். இனிமே போட்டோ வச்ச அட்டைதான். அட்டை கொண்டு வர்றவங்ககிட்ட பிள்ளையைக் குடுத்துரலாம். ஆனா பாயைச் சுருட்டினதும் ஆயம்மா அழுதுட்டாங்கக்கா. ஏன்? அந்தப் பாயில அப்பிடி என்ன இருந்துச்சு?”

என் மகள் அப்போது என் உடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பிறகு சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பயம். இப்போது மகள் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாள். இடையிடையே எழுந்து போய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுத்து விட்டுவிட்டு வந்தால் அதுதான் காரணம்.

தோட்டம் தெரியாதவர்கள் கையிலும் இந்த மலர் போகும் என்பதால் ஒரு வார்த்தை. லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தாய்மார் ரப்பர் பால் வெட்டவோ கொழுந்து எடுக்கவோ மலைக்குப் போகும்போது, பள்ளிக்கூட வயதுக்கு வராத பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளை மடுவம். உயர்தரப் பரீட்சை முடித்து, பயிற்சிக்குப் போய், குழந்தை உளவியலும் போஷாக்கும் முதலுதவியும் படித்து, நல்ல புள்ளிகள் வாங்கி நான் அங்கே போனேன். படித்த எதுவும் முதல் நாள் மாலைக்கு உதவவில்லை.

அன்று மாலை, கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் வந்து நின்றார். நான் உள்ளே திரும்பி, “அம்மா வந்துட்டாங்க” என்றேன். கூடத்திலிருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து ஓடி வந்தன. முன்னால் ஓடியவன் விழுந்தான். அவன்மேல் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். வந்தது தங்கள் அம்மா இல்லை என்று கண்டதும் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. மறுநாள் புத்தியாக நடப்பதாக நினைத்து, “டிலக்ஷன்” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று டிலக்ஷன்கள் எழுந்து நின்றார்கள்.

“மிஸ், இது மேட்டு லயத்து டிலக்ஷன், அது கங்காணி வீட்டு டிலக்ஷன்” என்று மடுவத்தில் எனக்கு உதவிக்கு இருந்த ஆயம்மா விளக்கினார்.

“அப்ப இவன்?”

“இவன் மத்த டிலக்ஷன்.”

அந்த மூன்றாமவன் ‘மத்த டிலக்ஷன்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அதுதான் தன் பெயர் என்றே நம்பியிருந்தான்.

அம்மா என்ற சொல்லும் அப்படித்தான். பெற்றவள் அம்மா. மலை உச்சிக் கோயிலில் இருப்பவள் அம்மா. பெரிய கிளாக்கரின் மனைவியும் அம்மா. பெற்றவளே மகளைக் கொஞ்சும்போது “வாடி என் அம்மா” என்பாள். பிள்ளைக்குக் கொப்புளம் போட்டால் அம்மா வந்திருக்கிறது என்பார்கள். ஒருமுறை எங்கள் பக்கத்துச் சிங்கள மருத்துவிச்சி மடுவத்துக்கு வந்து, ஒரு பையனைக் காணவில்லையே என்று கேட்டார். ஆயம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “புதாட்ட அம்மா எவில்லா” என்று சொல்லிவிட்டார். மகனுக்கு அம்மா வந்திருக்கிறாராம். மருத்துவிச்சிக்குச் சந்தோஷம். “ஹொந்தாய்னே! குவைட் இந்தலத?” என்றார். நல்லதாயிற்றே, குவைத்திலிருந்தா என்று. எங்கள் பக்கத்தில் அம்மா வருவது என்றால் அங்கிருந்துதான் வர வேண்டும். ஆயம்மா வேப்பிலையைக் காட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. எல்லோரும் சிரித்தோம். அன்று சிரிக்க முடிந்தது.

பாயைக் கொண்டுவந்தவர் எங்கள் பகுதி மடுவங்களின் மேற்பார்வையாளர். நாங்கள் பெரிய மிஸ் என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். இரத்தினபுரியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். எந்த மடுவத்துக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார மாட்டார். குடையை வெளியே சாய்த்துவைப்பார், கையைக் கழுவுவார், தன் கைக்குட்டையால் துடைப்பார், அதன் பிறகுதான் பிள்ளைகளைத் தொடுவார். பால் கோப்பையைத் தூக்கி மணந்து பார்ப்பார். நகம் பார்ப்பார். குற்றம் கண்டால் சத்தம் போட மாட்டார். தானே குந்தி உட்கார்ந்து அந்த நகத்தை வெட்டிவிட்டு, நகவெட்டியை என்னிடம் நீட்டுவார். அது சத்தத்தைவிட வலிக்கும்.

டிலக்ஷன்கள் கதையை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

“நீர் ஏன் பேர் சொல்லிக் கூப்பிடுறீர்? இஞ்சை ஒரு பேருக்கு மூண்டு பிள்ளையள். அம்மா எண்டால் எல்லாருக்கும் அம்மா. ஆனால் தன்ரை ஆள் ஆர் எண்டு பிள்ளைக்குத் தெரியும். அதைப் பிள்ளையிட்டைக் கேளும்.”

அடுத்த முறை வரும்போது பன் புல்லால் பின்னிய ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலுக்கு உட்பக்கம் விரித்தார். முறை இதுதான். வருகிறவர் பாய்க்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். நான் உள்ளே பார்த்து, “இது யாரோட ஆளு?” என்று மட்டும் கேட்க வேண்டும். தன் ஆள் என்று கண்ட பிள்ளை எழுந்து, “எங்க ஆளு” என்று சொல்லி, பாயை மிதித்துத் தானாக நடந்து போக வேண்டும். நடக்கத் தெரியாத குழந்தைகளை ஆயம்மா தூக்கிக் கொடுப்பார். நடக்கிற பிள்ளையை யாரும் கையைப் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

“தகப்பன் எண்டாலும் இல்லை. துரை வந்து நிண்டாலும் இல்லை. விளங்குதே?”

அன்று அவரே வெளியே போய்ப் பாய்க்கு அந்தப் பக்கம் நின்றார். நான், “இது யாரோட ஆளு?” என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஒரே குரலில், “யாரோட ஆளும் இல்ல!” என்று கத்தின. பெரிய மிஸ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சரியாத்தான் சொல்லுதுகள்” என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பாய் வேலை செய்தது. குடித்துவிட்டு வந்த ஒரு சித்தப்பா, பிள்ளையின் பெயர், தாயின் பெயர், லய இலக்கம் எல்லாம் சரியாகச் சொல்லியும், பிள்ளை ஆயம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் கொடுக்கவில்லை. தாய் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன் பிறகு அந்தப் பாய்மேல் எனக்கு ஒரு பக்தியே வந்துவிட்டது. நாள் போகப் போக பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “எங்க ஆளு!” என்று கத்துவதற்காகவே சிலர் மத்தியானத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ருபேஷ் கத்த மாட்டான். மெதுவாக எழுந்து, “எங்க ஆளு” என்று தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொல்லிவிட்டுப் போவான். அவனுடைய ஆள் அவன் அத்தை பாக்கியம், தகப்பனின் அக்கா, பால் வெட்டுகிறவர். தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தாய் யோகா, இவன் தவழும் வயதில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். நான் மடுவத்துக்கு வருவதற்கு முன்பே போய்விட்டதால் அவரை நேரில் பார்த்ததில்லை. போன் திரையில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பாக்கியம் மலையில் இருக்கும் நேரம் அது. ஆகவே என் போனுக்குக் கூப்பிடுவார்.

பாக்கியம் மிகவும் நியாயமான மனுஷி. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் கஷ்டமான பகுதி. ருபேஷ் பேசத் தொடங்கியபோது எல்லாப் பிள்ளைகளையும்போல, தன்னைத் தூக்கியவரைத்தான் அம்மா என்றானாம். பாக்கியம் விடவில்லை.

“அடுத்தவ பெத்த பிள்ளை, மிஸ். அவ அங்க கெடந்து கஷ்டப்படுறா. அந்தப் பேரையும் நான் எடுத்துக்கிட்டா அவளுக்கு என்ன இருக்கு? நா அத்தை, அம்மா போன்ல இருக்காங்கன்னு வாய்க்கு வாய் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

ருபேஷ் நன்றாகக் கற்றுக்கொண்டான். போன் அடித்தால், “அம்மா அடிக்கிறாங்க” என்பான். என் போன் அடித்தாலும் கிளாக்கரின் போன் அடித்தாலும் அவனுக்கு அது அம்மா. போனில் சார்ஜ் இல்லையென்றால், “அம்மா தூங்கிட்டாங்க” என்பான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் இதைப் பெரிய மிஸ்ஸிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

யோகா லீவில் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்துவிட்டார். முன்னதாகவே விமானம் கிடைத்துவிட்டதாம். லயத்தில் கதவு பூட்டிக் கிடந்ததால், மூட்டை முடிச்சோடு நேரே மடுவத்துக்கு வந்து பாய்க்கு அந்தப் பக்கம் நின்றார். மத்தியானச் சோற்றுக்கு முந்திய நேரம். முகத்தைக் கண்டதும் எனக்கு அடையாளம் தெரிந்தது. எனக்கும் அப்போது பால்குடி மாறாத மகள் இருந்தாள். அவள் விழிக்கும் முன்பே மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள் நான். ஆகவே அந்த முகத்திலிருந்த ஆசை எனக்கு விளங்கியது. என் குரலிலும் அது வந்திருக்கும். பிள்ளைகளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

“இது யாரோட ஆளு?”

யாரும் எழும்பவில்லை.

“சாமான் விக்கிற ஆளு, மிஸ்” என்றாள் ஒரு சின்னவள், பைகளைப் பார்த்து.

ருபேஷும் பைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யோகா முழங்காலில் நின்று கையை நீட்டினார். “தங்கம், அம்மாடா” என்றார். அம்மா என்ற சொல் காதில் விழுந்ததும் ருபேஷின் முகம் மலர்ந்தது. அவன் வாசலைப் பார்க்கவில்லை. சன்னல் கட்டையில் கிடந்த என் போனைப் பார்த்தான்.

“அம்மா அடிக்கிறாங்களா, மிஸ்?”

யோகா என்னைப் பார்த்தார். “மிஸ், நீங்களாவது தூக்கிக் குடுங்க” என்றார்.

நான் பெற்றவளைக் கண்ணால் காண்கிறேன். ஆயினும் பிள்ளை எழும்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். “பாயைப் போட்டது நான்தான். ஆனால் நான் அங்கை இல்லைப் பிள்ளை. நீர்தான் பாக்கிறீர்” என்றார். கட்டளை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

திரும்பி வந்து போனைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, “கொஞ்சம் பொறுங்கக்கா, அவனா வரட்டும்” என்றேன். யோகா எழுந்து வெளியே, அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்துக்குப் போனார். அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும்.

ருபேஷ் ஓடிப்போய் எடுத்தான். எங்கே அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். “அம்மா! சாப்டீங்களா?” என்றான். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, இவன் நிறையப் பேசினான். கோழி முட்டையிட்டது, மத்த டிலக்ஷன் தன்னைக் கடித்தது, எல்லாம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அம்மா, இங்க ஒரு ஆளு வந்துருக்காங்க. பெரிய பேக்கு. அழுவுறாங்க. யாரோட ஆளுன்னு தெரியல.”

அரைச்சுவருக்கு மேலே யோகாவின் தலை தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். கடைசியில், “அவங்கள உள்ள வரச் சொல்றியா சாமி?” என்று கேட்டது எனக்கு இரண்டு பக்கமிருந்தும் கேட்டது.

ருபேஷ் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். “மிஸ் விட மாட்டாங்கம்மா.”

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாக்கியம் மலையிலிருந்து மூச்சிரைக்க வந்தார். உடுப்பெல்லாம் ரப்பர் பால் காய்ந்து கிடந்தது. “என்ன மிஸ் இது! பெத்தவ குழாயடியில நிக்கிறா, பாயி பாயின்னு வச்சிக்கிட்டு! மனுசியா நீங்க?” என்று என்மேல் பாய்ந்தார். அவரைக் கண்டதும் ருபேஷ் போனை வைத்துவிட்டு எழுந்தான். “எங்க ஆளு” என்று சொல்லி, பாயை மிதித்து அவரிடம் போனான். பாக்கியம் அவனை யோகாவின் பக்கம் தள்ளினார்.

“போடா, அதுதான் உன் அம்மா. போ!”

அவன் பயந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டான். “அம்மா போன்ல இருக்காங்க. நீங்கதானே சொன்னீங்க?” என்று அழுதான்.

பாக்கியம் அப்படியே அந்தப் பாயில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டிய வாயால், “நாந்தான் மிஸ், நாந்தான்” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். யோகா வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி, எனக்காகத்தானே சொன்னீங்க” என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ருபேஷ் போன் இருக்கும் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் ருபேஷ் அத்தையை விட்டு அவரிடம் போகவில்லையாம். மறுநாளிலிருந்து யோகா தினமும் மடுவத்துக்கு வந்தார். பொம்மை எதுவும் கொண்டு வரவில்லை. பாய்க்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆயம்மாவுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தார், அரிசி பொறுக்கினார். நான் ஒவ்வொரு மாலையும் கேட்டேன். சில நாள் கேட்காமல் விட்டுவிடலாமா என்று தோன்றும். கேட்காவிட்டால் யோகாவின் முகம் வாடிவிடும். கேட்டாலும் வாடியது. பாக்கியம் வந்ததும் ருபேஷ் எழுந்து யோகாவைச் சுற்றிக்கொண்டு போவான். ஆயம்மா ஒருநாள், “ஒரு அதட்டு அதட்டிப்புட்டு தூக்கிக்கிட்டுப் போயிரேன் யோகா, பிள்ளைங்க மறந்துருங்க” என்றார். யோகா மறுத்துத் தலையாட்டினார். “அவனே சொல்லட்டும்” என்றார்.

லீவு முடியப்போகிற வாரத்தில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து யாரும் இன்னும் இறங்கவில்லை. வாசலில் யோகா மட்டும் இருந்தார். தலை நனைந்திருந்தது. நான் கேட்டேன். ருபேஷ் அவரை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்தான். “எங்க ஆளு” என்றான். பாயை மிதித்துப் போய், அவர் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தான். போனின் கண்ணாடியைத் தொடுவதுபோல ஒரு விரலால் தொட்டான். பிறகு முழுக் கையையும் வைத்தான். யோகா அவனைத் தூக்கவில்லை. அசையாமல் இருந்தார். ஆயம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் அழுதேன். எங்கள் பாய் ஜெயித்துவிட்டது என்று அந்த நேரத்தில் நினைத்தேன்.

அவர்களுக்கு அதன் பிறகு கிடைத்தது சில நாட்கள்தான். ஒப்பந்தம் முடியாததால் யோகா திரும்பிப் போகத்தான் வேண்டும். போகும் நாளன்று ருபேஷை மடுவத்தில் விட்டு, வழக்கம்போல வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அழுவதைப் பார்த்தால் தன்னால் போக முடியாது என்றார். அன்று மாலை பாக்கியம் வந்தபோது நான் கேட்டேன். ருபேஷ் எழும்பவில்லை. பாக்கியத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று குனிந்து பார்த்தான். விளக்கு போடும் நேரம் வரை பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மட்டும் முறையை மீறி நானே அவனைத் தூக்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை என் போன் அடித்தது. அவன் ஓடி வரவில்லை. நானே கொண்டுபோய், “ருபேஷ், அம்மா பேசுறாங்க” என்று நீட்டினேன். திரையில் யோகா சிரித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவன் போனை வாங்கி, அந்தச் சிரிப்பைப் பார்த்து, மெதுவாகத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

“இது போனு, மிஸ்” என்றான்.

அதன் பிறகு நான் அங்கே இருந்தவரை அவன் போனைத் தொடவில்லை. யோகா கூப்பிடும்போதெல்லாம் நான், “தூங்குறான் அக்கா” என்று சொன்னேன். சில வெள்ளிக்கிழமைகளில் அவர், “இன்னுமா?” என்று மட்டும் கேட்பார்.

கணவருக்குக் கேகாலைக்கு மாற்றம் வந்தது, நானும் வந்துவிட்டேன் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். அது பொய் இல்லை. இங்கேயும் எனக்கு வேலை கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. அங்கே வேலை முடிந்து திரும்பும் மாலைகளில் எங்கள் வீட்டு வாசலில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. மாமியாரின் இடுப்பிலிருந்து மகள் என்னைப் பார்ப்பாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் யோசிப்பதுபோல எனக்குத் தோன்றும். உண்மையில் யோசித்தாளா, நான்தான் அப்படிக் கண்டேனா, தெரியாது.

நிரோஷா, ஆயம்மா ஏன் அழுதார் என்று கேட்டாய். யோகா அந்தப் பாயோரத்தில்தான் உட்கார்ந்து அவருக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தார். அட்டை நல்லதுதான், பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேரும். பாயைத் திரும்ப விரி என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நாளே அவனைத் தூக்கி யோகாவின் கையில் கொடுத்திருந்தால், அழுதிருப்பான், மறந்திருப்பான், போனுக்குள் அவனுக்கு ஓர் அம்மா இன்றைக்கும் இருந்திருப்பார். ஆனால், அவன் கையை அந்தக் கன்னத்தில் வைத்த அந்த மழை நாள் யோகாவுக்குக் கிடைத்திருக்காது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.

மகள் விழித்துவிட்டாள், கட்டிலில் உட்கார்ந்திருக்கும் சத்தம் கேட்கிறது. தினமும் இந்த நேரத்தில் நான் போய் அறை வாசலில் நிற்பேன். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். அம்மா வந்திருக்கிறேன் என்றும் சொல்ல மாட்டேன். அவளாக இறங்கி வரும்வரை நிற்பேன்.